பாஸ்டனில் இத்தாலிச் சாப்பாடு: வரிசையில் நிற்பதா, நடையைக் கட்டுவதா?

சனிக்கிழமை மாலை ஏழு மணி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நார்த் எண்ட் என்கிற பழைய பேட்டை. அங்கே ஹானோவர் தெருவின் நடைபாதையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்துவிட்டது, கையில் 80 டாலர் இருக்கிறது, ஒரு வேளையாவது நல்ல இத்தாலிச் சாப்பாடு சாப்பிட்டுவிட வேண்டும். இடப்பக்கம் ஒரு உணவகம், வாசலில் முப்பது பேர் வரிசை. வலப்பக்கம் இன்னொன்று, கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் பாதி மேஜைகள் காலி. இரண்டு இடத்துப் பட்டியலிலும் ஏறக்குறைய அதே பதார்த்தங்கள், அதே விலை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் என்ன, நேராகப் போய் வரிசையின் வாலில் நின்றுவிடுகிறார்கள்.

அந்தத் தெருவில் தினமும் நடக்கிற காட்சிதான் இது. கூட்டம் இருக்கிற இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது உலகம் முழுக்க மனிதர்கள் வைத்திருக்கிற நம்பிக்கை. ஆனால் நார்த் எண்ட் மாதிரி ஒரு இடத்தில் அந்த நம்பிக்கை பாதிக்கு மேல் ஏமாற்றும். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பேட்டையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நார்த் எண்ட் சின்ன இடம். ஒரு சதுர மைலில் பாதிகூடத் தேறாது. குறுக்குச் சந்துகள், நான்கைந்து மாடி செங்கல் கட்டடங்கள், அவற்றின் தரைத்தளத்தில் உணவகம், ரொட்டிக்கடை, காபிக்கடை, மறுபடியும் உணவகம். சாப்பிடும் இடங்கள் மட்டும் நூறுக்குப் பக்கத்தில் வரும். அமெரிக்கச் சுதந்திரப் போரோடு சம்பந்தப்பட்ட பால் ரெவியரின் வீடும் (1680 வாக்கில் கட்டியது), ஓல்ட் நார்த் சர்ச்சும் (1723) இங்கேதான் இருக்கின்றன. முதலில் ஆங்கிலேயர்கள், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துக்காரர்கள், அப்புறம் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், கடைசியாக இத்தாலியர்கள் என்று இந்தப் பேட்டை கைமாறிக்கொண்டே வந்தது. ஜான் கென்னடியின் அம்மா ரோஸ் பிறந்ததும் (1890) இங்கேதான், அயர்லாந்துக் குடும்பங்களின் காலத்தில். 1920-கள், 30-களுக்குள் தெரு முழுக்க இத்தாலி ஆகிவிட்டது.

1950-களில் தலைக்கு மேலே ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தைக் கட்டி இந்தப் பேட்டையை நகர மையத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். திட்டம் போடுபவர்கள் இதைச் சேரி என்றார்கள், வங்கிகள் கடன் தரத் தயங்கின. குடியிருந்தவர்கள் ஒருவர் வீட்டு வேலையை இன்னொருவர் செய்துகொடுத்து, கைமாற்று உழைப்பிலேயே வீடுகளைப் புதுப்பித்துக்கொண்டார்கள். ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் எழுதிய நகரங்கள் பற்றிய புத்தகத்தில் இந்தக் கதையை வியந்து சொல்கிறார். பாஸ்டன்காரர்கள் பிக் டிக் என்று அழைக்கும் பிரம்மாண்டத் திட்டத்தில் அந்தச் சாலையை மண்ணுக்கு அடியில் கொண்டுபோய், மேலே பூங்கா போட்டார்கள். பூங்கா 2008-இல் திறந்தது. மதில் இடிந்ததும் கூட்டம் உள்ளே வந்தது.

இன்னொரு விஷயம்தான் ரொம்ப முக்கியம். பாஸ்டனின் வரலாற்று இடங்களை இணைத்துத் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் செங்கல், சில இடங்களில் வெறும் பெயின்ட். பெயர் ஃப்ரீடம் டிரெயில், நீளம் 2.5 மைல். அந்தக் கோடு நார்த் எண்டுக்குள் ஹானோவர் தெரு வழியாகவும் போகிறது. காலையில் நகர மையத்தில் நடக்க ஆரம்பித்த சுற்றுலாப் பயணி, கால் வலித்து வயிறு காய்கிற நேரத்துக்குச் சரியாக இத்தாலிய உணவகங்களின் வாசலுக்கு வந்து சேர்கிறார். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாது. அரசாங்கமே கோடு போட்டு வாடிக்கையாளரைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது!

இதனால் என்ன ஆகிறது? கோட்டின் மேல் இருக்கிற கடைக்குத் தினமும் புதிய முகங்கள். இன்றைக்கு வந்தவர் நாளை ஊருக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவாரா என்கிற கவலை கடைக்காரருக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பொருளைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். அதற்கு 2001-இல் நோபல் பரிசும் வாங்கினார். பாஸ்தாவும் அப்படித்தான். காலையில் செய்ததா, உறைபெட்டியில் கிடந்து வந்ததா என்று வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? இந்த வியாதிக்கு வழக்கமான மருந்து, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவது. மோசமாகப் போட்டால் அடுத்த வாரம் ஆள் வராது. சுற்றுலாத் தெருவில் அந்த மருந்து கிடைப்பதில்லை. அதற்காக அங்கே இருக்கிற கடைகள் எல்லாம் மோசம் என்று அர்த்தம் இல்லை. நன்றாகச் சமைப்பவர்கள் மானத்துக்காகச் சமைக்கிறார்கள், கட்டாயத்துக்காக இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வரிசைக்கு வருவோம்.

கேரி பெக்கர் 1991-இல் ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு கடல் உணவகத்தில் தினமும் நீண்ட வரிசை. எதிர்ச்சாரியில் ஏறக்குறைய அதே தரத்தில் இன்னொரு கடல் உணவகம், அங்கே நாற்காலிகள் காலி. கூட்டம் உள்ள கடை ஏன் விலையை ஏற்றி வரிசையைக் குறைக்கவில்லை? மற்றவர்கள் விரும்புவதாலேயே ஒரு இடத்தை மனிதர்கள் விரும்புகிறார்கள், வரிசை போனால் அந்த விருப்பமும் சேர்ந்து போய்விடலாம் என்பது அவர் கண்ட விடை. அதாவது வரிசை அந்தக் கடையின் சரக்கில் ஒரு பகுதி.

இதைவிடச் சுவாரசியமானது அபிஜித் பானர்ஜி 1992-இல் எழுதியது. 2019-இல் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தான். நார்த் எண்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வருகிற எம்.ஐ.டி.யில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர். அவர் சொன்ன உதாரணமே இரண்டு உணவகங்கள்தான். 'அ' என்று ஒரு கடை, 'ஆ' என்று பக்கத்துக் கடை. எது மேல் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பொதுவான எண்ணம் 'அ' பக்கம் துளி சாய்ந்திருக்கிறது, நூற்றுக்கு 51, 49 என்கிற அளவில். நூறு பேர் சாப்பிட வருகிறார்கள். ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக ஒரு துப்பு விழுந்திருக்கிறது. 99 பேருக்குக் கிடைத்தது "ஆ நல்லது" என்ற துப்பு. ஒரே ஒருவருக்கு மட்டும் "அ நல்லது".

அந்த ஒரே ஒருவர் முதலில் வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அ'வுக்குள் போகிறார். இரண்டாமவர் வருகிறார். இவருக்குக் கிடைத்த துப்பு 'ஆ'. ஆனால் முன்னால் போனவர் 'அ'வுக்குள் போயிருப்பதைப் பார்க்கிறார். அவருக்கு 'அ' என்று துப்பு இருந்திருக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறார். இவருடைய துப்பும் அவருடைய துப்பும் ஒன்றை ஒன்று அடித்துவிட, மிஞ்சுவது அந்த 51-49 எண்ணம். ஆகவே இவரும் 'அ'. இரண்டாமவர் எந்தத் துப்போடு வந்திருந்தாலும் 'அ'வுக்குத்தான் போயிருப்பார், அதனால் மூன்றாமவருக்கு அவரால் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாமவர் கணக்கும் இரண்டாமவர் கணக்கு மாதிரியே முடிகிறது. நான்காமவரும் அப்படியே. கடைசியில் நூறு பேரும் 'அ'வில். 99 பேருக்கு 'ஆ' நல்லது என்று தெரிந்திருந்தும் 'ஆ'வில் ஈ ஓட்டுகிறார்கள்!

இந்த நூறு பேரில் முட்டாள் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாகத்தான் முடிவெடுத்தார்கள். ஹானோவர் தெருவில் வரிசையில் நிற்கிற முப்பது பேரும் அப்படித்தான். முப்பது பேரின் தீர்ப்பு போலத் தெரிகிறது, உள்ளே இருப்பது முதலில் வந்த ஒன்றிரண்டு பேரின் தீர்ப்பு.

வரிசையில் இன்னொரு கண்கட்டும் உண்டு. பகுதியைப் பார்க்கிறோம், தொகுதியைப் பார்ப்பதில்லை. பழைய கட்டடங்களின் தரைத்தளம் என்பதால் நார்த் எண்ட் உணவகங்கள் பல ரொம்பச் சின்னவை. முப்பது நாற்காலி உள்ள கடை வாசலில் முப்பது பேர் நின்றால் அது ஒரே ஒரு பந்தி. நூற்றைம்பது நாற்காலி உள்ள கடையில் அதே முப்பது பேர் வரிசையே இல்லாமல் உள்ளே கரைந்துபோவார்கள். முன்பதிவு வாங்காத கடையாக இருந்தால் கூட்டம் முழுக்கத் தெருவில் தெரியும். முன்பதிவு வாங்கும் கடையின் கூட்டம் யார் கண்ணுக்கும் தெரியாமல் அவரவர் வீட்டில் இருக்கும்.

இங்கே பல உணவகங்களில் இனிப்பும் காபியும் கிடையாது. புதிதாக வருபவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அதன் அழகு புரியும். முப்பது நாற்காலி, மாலை ஐந்திலிருந்து பத்து வரை ஐந்து மணி நேரம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எழுந்தால் ஒரு மாலையில் 150 பேர் சாப்பிடலாம். இனிப்பு, காபி, அரட்டை என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 100 பேர்தான். ஐம்பது பேரின் சாப்பாட்டுக் காசை விட்டுவிட்டு யாராவது டிராமிசு விற்பார்களா? "இனிப்புக்கு எதிர்க் கடைக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பேக்கரிக்காரரும் பிழைக்கிறார்.

இணைய நட்சத்திரங்களைப் பார்த்துப் போனால் என்ன என்று கேட்கலாம். ஊர் திரும்புகிற பயணியின் கையிலும் ஒரு தடியைக் கொடுத்தது இந்த நட்சத்திரங்கள்தான், அதை மறுக்க முடியாது. மைக்கேல் லூக்கா என்பவர் 2011-இல் ஹார்வர்டிலிருந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். சியாட்டில் நகர உணவகங்களில் யெல்ப் தளத்தின் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது, அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், சங்கிலிக் கடைகளுக்கு இல்லை என்று கண்டார். அவர் பயன்படுத்திய உத்தியைப் பாருங்கள். தளம் சராசரியை அரை நட்சத்திரத்துக்கு முழுமையாக்கிக் காட்டியது. 3.24 வாங்கிய கடை 3 ஆகத் தெரியும், 3.26 வாங்கிய கடை மூன்றரையாகத் தெரியும். சாப்பாட்டில் ஒரு வித்தியாசமும் இருக்காது, கல்லாவில் இருக்கும். அப்படியானால் அரை நட்சத்திரத்தை நம்பி ஒரு மணி நேரம் நிற்பவர் எதை நம்புகிறார்?

தவிர, நட்சத்திரம் போடுபவர் யார்? சுற்றுலாத் தெருவில் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிதான். அவர் அந்தத் தெருவில் சாப்பிட்டது ஒரே ஒரு இடத்தில். பக்கத்துக் கடையோடு ஒப்பிட அவருக்கு வழியில்லை, சொந்த ஊர்க் கடையோடு ஒப்பிடுகிறார். நாள் நன்றாகப் போயிருந்தால் ஐந்து நட்சத்திரம். ஆகவே எண்ணைப் பார்ப்பதைவிட, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படிப்பது உருப்படியான வேலை. "ரொம்ப நேரம் காக்கவைத்தார்கள்" என்று புலம்பியிருந்தால் கவலை இல்லை. "பாஸ்தா குழைந்துவிட்டது" என்று நாலு பேர் எழுதியிருந்தால் நடையைக் கட்டலாம்.

"1920-களிலிருந்து" என்கிற மாதிரிப் பலகைகளையும் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தாச்சர் தெருவில் இருக்கும் பீட்சேரியா ரெஜினா 1926-இலிருந்து அதே மூலையில் அடுப்பு எரிக்கிறது. அது சும்மா வந்த ஆயுள் இல்லை. ஆனால் பொதுவாக, கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு நற்பெயர் என்றால் என்ன என்று தெரியும். கடையை விற்கும்போது அதையும் விலை போட்டு விற்கலாம். சமையல்காரரை அப்படி விற்க முடியாது.

அடுத்து, "உண்மையான இத்தாலிச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று ஒரு கேள்வி. படித்தவர்கள் அதிகம் கேட்பது இதுதான். இது தவறான கேள்வி. நார்த் எண்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தெற்கு இத்தாலியின் ஏழைகள், சிசிலி, நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர்கள். ஊரில் இறைச்சி என்பது அவர்களுக்குப் பண்டிகைச் சாப்பாடு. அமெரிக்காவில் கூலி கையில் வந்ததும், இறைச்சி மலிவாகக் கிடைத்ததும், தட்டு பெரிதானது. கோழியைப் பொரித்துத் தக்காளி சாஸும் சீஸும் போட்டுச் சுடுகிற சிக்கன் பார்மேசானும், பெரிய இறைச்சி உருண்டைகள் வைத்த ஸ்பெகட்டியும் அப்படி வந்தவை. ரோமிலிருந்து வரும் விருந்தாளி அதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தத் தட்டுக்குச் சொந்த ஊர் அமெரிக்க இத்தாலியர்களின் இந்த மாதிரித் தெருக்கள்தான். அதைப் போலி என்று சொல்வது, வயிறாரச் சாப்பிட்ட முதல் தலைமுறையைப் பார்த்து "நீ இத்தாலியன் இல்லை" என்று சொல்வது மாதிரி. அதைவிட ருசிக்கு உதவுகிற கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்துக்கு எது பக்கத்தில் கிடைக்கும்? கடல். சிசிலியின் ஷாக்கா என்கிற ஊரிலிருந்து வந்த மீனவர்கள் 1910-இலிருந்து இங்கே ஆகஸ்டில் மீனவர் திருவிழா நடத்துகிறார்கள். மட்டி போட்ட லிங்குயினி, கணவாய், அன்றைய மீன் என்று இந்தப் பக்கம் போனால் ஏமாறும் வாய்ப்பு குறைவு.

(சைவர்களுக்கு ஒரு வார்த்தை. மரினாரா என்ற பெயரில் கடல் இருந்தாலும் சாஸில் மீன் கிடையாது, தக்காளியும் பூண்டும்தான். ஆனால் மினஸ்ட்ரோனி சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது. அசல் பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளைக் கொண்டுதான் செய்யப்படுகிறது. தெரிந்தபின் என்ன செய்வது என்பது அவரவர் பாடு.)

அப்படியானால் அந்த இரண்டு மாணவர்களும் என்னதான் செய்வது? முதல் காரியம், சனிக்கிழமையை விடுவது. எந்தக் கடை என்பதைவிட எந்த நாள் என்பதுதான் தட்டில் அதிக வித்தியாசம் காட்டும். ஒரே அடுப்பு, ஒரே சமையல்காரர், சனி ஏழரை மணிக்கு ஒரு சாப்பாடு, செவ்வாய் ஐந்தரை மணிக்கு வேறு சாப்பாடு. பட்டமளிப்பு நடக்கும் மே மாதமும், வீடு மாறுகிற மாணவர் கூட்டம் நகரத்தையே அடைத்துக்கொள்ளும் செப்டம்பர் முதல் தேதியும் வேண்டவே வேண்டாம். ஜனவரிக் குளிரில், பனி கொட்டுகிற வார நாளில் சுற்றுலாப் பயணி இருக்கமாட்டார். அன்றைக்கு எந்தக் கடையில் ஆள் இருக்கிறதோ, அது உள்ளூர்க்காரர் திரும்பி வருகிற கடை. வரிசையை நம்புவதாக இருந்தால் அந்த நாள் வரிசையை நம்பலாம்.

அடுத்தது சிவப்புக் கோட்டை விட்டு விலகுவது. சேலம் தெரு (நம்ம மாம்பழ ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :-)), பிரின்ஸ் தெரு, தாச்சர் தெரு என்று பக்கவாட்டில் நடந்தால் கூட்டம் சட்டென்று குறையும். வாசலில் பட்டியல் ஒட்டியிருக்கும், அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும். அலமாரி அளவு சமையலறையில் அறுபது பதார்த்தம் புதிதாகச் செய்ய யாராலும் முடியாது. பதினைந்து இருந்தால், அதிலும் இரண்டு மூன்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தால், நம்பி உள்ளே போகலாம். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுப்பவர் இருந்தால் புன்னகைத்துவிட்டு நகர்வது நல்லது. எதுவும் பிடிபடவில்லையென்றால் ரொட்டிக்கடைக்குள் போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்கலாம். எல்லாக் கடைக்கும் ரொட்டி போடுபவருக்குத் தெரியாத ரகசியம் இருக்காது.

உள்ளூர்க்காரர் என்று சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. பழைய குடும்பங்களில் பலர் வாடகை தாங்காமலும் வசதி தேடியும் ரிவியர், மெட்ஃபோர்ட் பக்கம் போய்விட்டார்கள். 2020-இல் பெருந்தொற்றின்போது தெருவில் மேஜை போட அனுமதி கிடைத்தது. 2022-இல் நகராட்சி நார்த் எண்ட் கடைகளிடம் மட்டும் 7,500 டாலர் கட்டணம் கேட்டது. 2023-இல் இந்தப் பேட்டையில் மட்டும் சாலையோர மேஜைகளுக்குத் தடையே வந்தது. கடைக்காரர்கள் பாரபட்சம் என்று வழக்குக்குப் போனார்கள். குடியிருப்பவர்களோ இரைச்சல், குப்பை, எலி, வண்டி நிறுத்த இடமில்லை என்றார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் குடியிருக்காத நாள் வந்தால், ஜனவரி செவ்வாய்க்கிழமையில் திரும்பி வர ஆளே இருக்காது. அப்போது சமையல்காரரைத் தட்டிக்கேட்க யார் இருப்பார்கள்?

அந்த மாணவர்களின் கணக்கையும் முடித்துவிடலாம். ஆளுக்கு 30 டாலரில் ஒரு பாஸ்தா என்றால் 60. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 6.25 சதவீத உணவு வரியோடு பாஸ்டனின் 0.75 சேர்ந்து 7 சதவீதம், 4.20 டாலர். பரிமாறுபவருக்கு 20 சதவீதம் டிப்ஸ், 12 டாலர். அங்கே பரிமாறுபவர்கள் பிழைப்பதே அதில்தான், அதில் கை வைக்கக் கூடாது. மொத்தம் 76.20. குடிக்கத் தண்ணீர், குழாய்த் தண்ணீர்தான். மீதி 3.80 டாலரை வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி ஹானோவர் தெருவுக்கு வந்து கேனோலி வாங்கப் பார்ப்பார்கள். அங்கே மைக்ஸ் பேஸ்ட்ரி, மாடர்ன் பேஸ்ட்ரி என்று இரண்டு பழைய கடைகள், ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து பல காலமாகச் சண்டை போடுகிறது. எந்தக் கடையானாலும் அந்தக் காசுக்கு இரண்டு கேனோலி வராது. ஒன்றுக்குக் கொஞ்சம் சில்லறை சேர்த்துப்போட்டு, பாதியாக உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.